லூனா சௌங்கா, அதாவது நோயாளிக்கு துணையா, ஆஸ்பத்திரிக்கு போறீங்களா, இதை படிச்சிட்டு போங்க

இங்க பர்மாவுல, ரங்கூன்லயோ மோல்மீன்லயோ பெகுவுலயோ நம்ம வீட்டு ஆளு ஒருத்தர் ஆஸ்பத்திரியில படுத்துட்டா முதல்ல வர்ற பேச்சு யாரு துணைக்கு இருக்கப் போறாங்கறதுதான். சயாமா, அதான் நர்சம்மா, ஊசி போடுவாங்க, ட்ரிப் ஏத்துவாங்க, சயாவுன், அதான் டாக்டரு, காலையில வந்து பாத்துட்டு போவாரு, மத்தபடி ஒடம்பு தொடைக்கிறது, சன்பியோக் கஞ்சி ஊட்டுறது, பெட்பேன் வைக்கிறது, மூத்திர பையை காலி பண்றது, ராத்திரி பாதியில எந்திரிச்சு திருப்பி படுக்க வைக்கிறது, வெளிய சேசைனுக்கு, அதான் மருந்துக் கடைக்கு, ஓடி க்ளவுஸு சிரிஞ்சு வாங்கிட்டு வர்றது எல்லாம் லூனா சௌங் தலையிலதான். நர்சு வேலையில பாதிய நாம செய்றோம், ஆனா நர்சுங்களுக்கு முதல் வருஷத்துலயே சொல்லிக் கொடுக்குற கிருமி விஷயத்தை நமக்கு யாரும் உக்கார வெச்சு சொல்றதில்ல. எங்கப்பாவோட நான் இருந்த நாள்ல இது தெரியாம பட்ட கஷ்டம் இன்னும் மறக்கல, அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல ஆஸ்பத்திரி தொற்றுன்னா என்னன்னு பாத்துடுவோம். உள்ள போகும்போது இல்லாத ஒரு தொற்று, அட்மிட் ஆகி 48 மணி நேரத்துக்கு அப்புறம் தலை காட்டுனா அதை பொதுவா ஆஸ்பத்திரியில வந்ததுன்னு கணக்கு வைக்கிறாங்க. ஆபரேஷன் புண்ணா இருந்தா 30 நாள் வரைக்கும், எலும்புல பிளேட்டு, மூட்டுல செயற்கை மூட்டு மாதிரி உள்ள ஏதாவது வெச்சிருந்தா 90 நாள் வரைக்கும்கூட கணக்கு போகும், அதாவது வீட்டுக்கு வந்து காய்ச்சல் வந்தாலும் அது ஆஸ்பத்திரி கிருமியா இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2022ல சொன்ன கணக்குப்படி பணக்கார நாட்டுல ஆஸ்பத்திரியில சேர்ற 100 பேர்ல 7 பேருக்கும், நம்மள மாதிரி வருமானம் கொறஞ்ச நாடுங்கள்ல 15 பேருக்கும் இப்படி ஏதாவது ஒரு தொற்று வருது, அப்படி வந்தவங்கள்ல 10ல ஒருத்தர் செத்துப் போறாங்க. இதுல பெரும்பகுதிய கை சுத்தமும் சரியான பழக்கமும் இருந்தாலே தடுத்துடலாம்னும் அவங்களே சொல்றாங்க. விதின்னு நெனச்சுட்டு இருந்துடாதீங்க, அதுக்குத்தான் இந்த கணக்கை சொன்னேன்.

கிருமி எங்க இருந்து வருதுன்னா பாதி நோயாளியோட சொந்த ஒடம்புல இருந்தே வருது, தோலுல குடல்ல வாயில சும்மா இருக்குற கிருமி, ஊசி குழாய் வழியா, மூத்திர குழாய் வழியா, கிழிச்ச புண்ணு வழியா போகக்கூடாத எடத்துக்கு போயிடுது. மீதி கை மூலமா வருது. பக்கத்து கட்டில் ஆளை தொட்ட கை, கட்டில் கம்பிய தொட்ட கை, போனை தொட்ட கை. எம்ஆர்எஸ்ஏ, அசினெட்டோபாக்டர் மாதிரி கிருமிங்க காஞ்ச மேசை மேலயும் கட்டில் கம்பியிலயும் நாள் கணக்குல, சில நேரம் மாசக் கணக்குலகூட உயிரோட கெடக்கும். பாக்க பளபளன்னு இருக்குற எடத்துலயும் இருக்கும்.

கைதான் பெரிய விஷயம்னு உலகத்துக்கு மொதல்ல காட்டினவரு செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர். 1847ல வியன்னா பெரியாஸ்பத்திரியில ரெண்டு பிரசவ வார்டு, ஒண்ணுல டாக்டருங்களும் மாணவருங்களும் பிரசவம் பாப்பாங்க, இன்னொண்ணுல மருத்துவச்சிங்க பாப்பாங்க. டாக்டருங்க வார்டுல மட்டும் தாய்மாருங்க காய்ச்சல் வந்து கொத்து கொத்தா செத்தாங்க, அந்த வருஷம் ஏப்ரல்ல 100க்கு 18 பேரு. பொணத்தை அறுத்து பாத்துட்டு அதே கையோட பிரசவத்துக்கு வர்றாங்கன்னு அவரு கண்டுபுடிச்சு, குளோரின் சுண்ணாம்பு தண்ணியில கை கழுவ வெச்சாரு, கொஞ்ச மாசத்துல சாவு 100க்கு ரெண்டு அளவுக்கு எறங்கிடுச்சு. புது மருந்தும் கெடையாது மெஷினும் கெடையாது, கை கழுவுனது மட்டும்தான்.

சரி, நாம எப்போ கழுவணும். டாக்டர் நர்சுங்களுக்கு அஞ்சு நேரம்னு சொல்லிக் கொடுக்குறாங்க: நோயாளிய தொடுறதுக்கு முன்னாடி, குழாய் புண்ணு மாதிரி சுத்தமா செய்ய வேண்டிய வேலைக்கு முன்னாடி, ரத்தம் மூத்திரம் மலம் பட்டதுக்கு அப்புறம், நோயாளிய தொட்டதுக்கு அப்புறம், அவரு கட்டில் மேசை சாமானை தொட்டதுக்கு அப்புறம். லூனா சௌங்குக்கும் இதேதான், கூடவே ஊட்டுறதுக்கு முன்னாடி, நீங்க சாப்புடுறதுக்கு முன்னாடி, கக்கூஸ் போயிட்டு வந்ததுக்கு அப்புறம்னு சேத்துக்குங்க. கையில அழுக்கு தெரியலன்னா ஆல்கஹால் ஜெல் போதும், உள்ளங்கை நெறைய ஊத்தி 20லேர்ந்து 30 செகண்ட், காயிற வரைக்கும் தேய்க்கணும். ஒரு சொட்டு விட்டு ரெண்டு தேய் தேச்சா போதாது. வெரலு நுனி, கட்டை வெரலு, வெரலு இடுக்கு, இந்த மூணு எடத்தைதான் எல்லாரும் விட்டுடுறோம். மோதிரம் வளையல் வாட்ச் எல்லாத்தையும் வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு போங்க, நகத்தை ஒட்ட வெட்டிக்குங்க.

அழுக்கு தெரிஞ்சா, இல்ல நோயாளிக்கு வயித்தால போகுதுன்னா ஜெல்லை நம்பாதீங்க, சோப்பு தண்ணிதான், 40லேர்ந்து 60 செகண்ட். ஏன்னா ஆன்டிபயாடிக் நெறைய ஏறினவங்களுக்கு வர்ற ஒரு வகை வயித்துப்போக்கு இருக்கு, சி டிஃபிசைல்னு ஒரு கிருமி, அது முட்டை மாதிரி ஒரு ஓட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், ஆல்கஹால் அதை ஒண்ணும் பண்ணாது, தேச்சு கழுவி தண்ணியில விட்டாத்தான் போகும். ராத்திரி மீ, அதாவது கரண்டு, போயி மோட்டார் ஓடாம குழாயில தண்ணி வராத நேரமும் உண்டு, அதனால மூடி போட்ட ஒரு கேன்ல தண்ணியும் ஒரு சின்ன சோப்பும் எப்பவும் கட்டிலுக்கு அடியில இருக்கட்டும். சோப்பை ஈரத்துல ஊற விடாதீங்க. தொடைக்கிற துண்டு ஆளுக்கு ஒண்ணு தனித்தனி, லுங்கி நுனியில கை தொடைக்கிற பழக்கம் நமக்கு ரொம்ப உண்டு, ஆஸ்பத்திரியில அதை விட்டுடுங்க, கழுவின கை திரும்ப அழுக்காயிடும்.

அடுத்தது கேக்குற விஷயம். சயாமாகிட்டயோ சயாவுன்கிட்டயோ கை கழுவினீங்களான்னு கேக்க நமக்கு வாய் வராது, ஆனாடே, சங்கடமா இருக்கும். அவங்களே பாவம், ஒரு ஆளு முப்பது கட்டில் பாக்குறாங்க, அவங்கள போயி எப்படி கேக்குறதுன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. நான் அப்புறம் கத்துக்கிட்டது இதுதான், ஜெல் புட்டி ஒண்ணை கட்டிலு கால்மாட்டுல கண்ணுக்கு தெரியற மாதிரி கட்டி தொங்க விடுங்க, அவங்க வரும்போது நீங்க மொதல்ல ஊத்தி தேச்சுக்குங்க, அப்புறம் வலது கையில புட்டிய நீட்டி இடது கையால முழங்கையை தொட்டுக்கிட்டு மரியாதையா, சயாமா, லெட்சேயே டீமா ஷிபாடேன்னு சொல்லுங்க. கை கழுவுற மருந்து இங்க இருக்குன்னு சொல்றோம், அவ்வளவுதான், குத்தம் சொன்ன மாதிரி இல்ல. ஒருத்தர்கூட என்கிட்ட மூஞ்சி சுளிச்சதில்ல, ரெண்டு மூணு பேர் சிரிச்சுக்கிட்டே ஜேசுபே, அதாவது நன்றின்னு சொல்லிட்டு தேச்சுக்கிட்டாங்க.

இப்போ எங்கப்பா கதை. ஆஸ்பத்திரி பேரு வேணாம். புரோஸ்டேட் ஆபரேஷன், நல்லா முடிஞ்சுது, மூத்திர குழாய் போட்டு பை தொங்க விட்டிருந்தாங்க. ரெண்டாம் நாளு ஸ்கேனுக்கு கூட்டிட்டு போகணும், தள்ளுவண்டியில ஏத்தும்போது பை கீழ இழுபடும்னு தூக்கி அப்பா வயித்து மேலயே வெச்சாங்க, நானும்தான் கூட புடிச்சேன், முக்காவாசி நெறைஞ்ச பை. வராண்டாவுல முக்கா மணி நேரம் காத்திருந்தோம், பை வயித்து மேலயேதான் இருந்துச்சு. குழாய்க்குள்ள மஞ்சளா இருந்த தண்ணி மெல்ல பின்னாடி நகர்றதை நான் கண்ணால பாத்தேன், பாத்தும் அது என்னன்னு எனக்கு தெரியல. மூணாம் நாளு சாயங்காலம், ஏன்டா தம்பி இப்படி குளிருதுன்னாரு, நான் போர்வையை இழுத்து விட்டேன், அண்ணி கால்ல கை வெச்சு பாத்துட்டு பயந்துட்டாங்க, பல்லு கிட்டி கட்டிலே ஆடுது. மூத்திரத்தை கல்ச்சர் பண்ணதுல, அதாவது கிருமிய வளத்து எதுன்னு பாக்குற டெஸ்டுல, க்ளெப்சியெல்லான்னு ஒரு கிருமி வந்துச்சு, சாதாரண மருந்து கேக்கல, மெரோபெனம் ஊசி வெளிய வாங்கி வாங்கி போட்டு, நாலு நாள்ல வீட்டுக்கு வர வேண்டிய மனுசன் ரெண்டு வாரம் கெடந்தாரு. பை மேல ஏறினதாலதான் வந்துச்சுன்னு அறுதியா யாராலயும் சொல்ல முடியாது, ஆனா அந்த முக்கா மணி நேரத்தை தடுத்திருக்கலாம், அதை யாரும் எனக்கு சொல்லல.

அதனால இதை மனசுல நல்லா பதிய வைங்க. தொங்க விடுற மூத்திர பை எப்பவும் அடிவயித்துக்கு கீழதான் இருக்கணும், படுத்தாலும் உக்காந்தாலும் வண்டியில போனாலும். ஆனா தரையையும் தொடக்கூடாது, கட்டில் கம்பியில மாட்டுங்க. நகத்தப் போறீங்கன்னா மொதல்ல காலி பண்ணிடுங்க. மூணுல ரெண்டு பங்கு நெறைஞ்சதும் காலி பண்ணணும், கை கழுவி க்ளவுஸ் போட்டு, கீழ இருக்குற திருகு வாய் பாத்திரத்துல படாம புடிச்சு விடணும், முடிஞ்சதும் அந்த வாயை ஆல்கஹால் பஞ்சால தொடைச்சு மூடணும், க்ளவுஸை கழட்டிட்டு திரும்ப கை கழுவணும். வார்டு கக்கூஸ்ல ஒரே ஒரு ப்ளாஸ்டிக் ஜக்கு கெடக்கும், பத்து பேரும் அதையே எடுத்துட்டு போவாங்க, ஒரு கட்டில் கிருமி அடுத்த கட்டிலுக்கு போற வழியே அதுதான். வீட்டுல இருந்து சொந்தமா ஒண்ணு கொண்டு போயி பேரு எழுதி வெச்சுக்குங்க. குழாயையும் பையையும் நடுவுல கழட்டவே கூடாது. குழாய் மடங்கி கெடக்குதா, நோயாளி அது மேல படுத்திருக்காரான்னு பாருங்க. தெனம் குளிப்பாட்டும்போது குழாய் உள்ள போற எடத்தை சோப்பு தண்ணியால கழுவுனா போதும், டெட்டால் ஊத்தாதீங்க.

இதெல்லாத்தையும் விட முக்கியம், குழாய் இருக்குற ஒவ்வொரு நாளும் மூத்திரத்துல கிருமி சேர்ற வாய்ப்பு நாளுக்கு 3லேர்ந்து 7 சதவீதம்னு ஏறிக்கிட்டே போகும். அதனால காலையில சயாவுன் வரும்போது, இந்த குழாய் இன்னைக்கும் வேணுங்களா, எடுத்துடலாமான்னு தெனம் கேளுங்க. மறந்து போயி அப்படியே இருந்துடுற குழாய்ங்க நெறைய. கையில இருக்குற ஊசி குழாய்க்கும் இதே கேள்விதான், மருந்தெல்லாம் மாத்திரையா மாறினதுக்கு அப்புறமும் கையில அது எதுக்கு.

அந்த ஊசி குழாய் எடத்தை ஒரு ஷிஃப்டுக்கு ஒரு தடவையாவது வெளிச்சத்துல பாருங்க. செவந்திருக்கா, வீங்கியிருக்கா, தொட்டா சுடுதா, நரம்பு வழியா கயிறு மாதிரி கெட்டியா ஓடுதா, சீழ் வருதா, ப்ளாஸ்திரி நனைஞ்சோ உரிஞ்சோ இருக்கா, இதுல ஒண்ணு இருந்தாலும் ஒடனே சயாமாவை கூப்புட்டு எடுக்கச் சொல்லுங்க, காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க. வயசானவங்க வலிக்குதுன்னு வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, நீங்கதான் பாக்கணும். குளிப்பாட்டும்போது ப்ளாஸ்டிக் பை சுத்திக்குங்க. தனாகா சாந்தோ தைலமோ அந்த எடத்துக்கு பக்கத்துல பூசாதீங்க. மருந்து ஏத்துற வாயை ஆல்கஹால் பஞ்சால நல்லா தேச்சு, காய விட்டு, அப்புறம்தான் சிரிஞ்சை மாட்டணும், சேசைன்ல ஆல்கஹால் பஞ்சு ஒரு டப்பா வாங்கி தலைமாட்டுல வெச்சிருந்தா அவங்களுக்கும் கைக்கு வாட்டம்.

சிரிஞ்சு விஷயத்துல தயவு தாட்சண்யம் பாக்காதீங்க. ஊசியும் சிரிஞ்சும் உங்க கண்ணு முன்னாடி கவரை பிரிச்சு எடுக்கணும், ஊசிய மட்டும் மாத்திட்டு பழைய சிரிஞ்சுல போடுறதும் தப்புதான், சிரிஞ்சுக்குள்ளயும் ரத்தம் ஏறியிருக்கும். ஹெப்படைட்டிஸ் பி, சி ரெண்டும் ஊசி வழியா பரவும், பர்மாவுல அது கொறைவா இருக்குற வியாதி இல்ல. இது பெரிய ஆஸ்பத்திரிய விட தெருவுல இருக்குற சின்ன க்ளினிக்ல இன்னும் முக்கியம், சும்மா ஒடம்பு வலிக்கே ஒரு ஊசி போட்டு விடுங்கன்னு நாமளே கேக்குறோம் பாருங்க, மாத்திரையில தீர்றதுக்கு ஊசி கேக்காதீங்க. அடிக்கடி லூனா சௌங்கா போறவங்க ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூணு டோஸும் போட்டுக்குங்க.

ஆபரேஷன்னு தேதி குறிச்சுட்டா மொத நாளே வேலை இருக்கு. முதல் நாள் ராத்திரியோ அன்னைக்கு காலையிலயோ சோப்பு போட்டு தலைக்கு குளிக்கணும். ஆபரேஷன் பண்ற எடத்துல முடிய வீட்டுல ப்ளேடு போட்டு வழிக்காதீங்க, கண்ணுக்கு தெரியாத கீறல்ல கிருமி குடியேறிடும், எடுக்கணும்னா அங்கயே மெஷின்ல கத்தரிச்சு விடுவாங்க. சர்க்கரை இருந்தா அதை அடக்கி வெச்சாத்தான் புண்ணு ஆறும், சுருட்டு சிகரெட்டு இருந்தா நாலு வாரம் முன்னாடியே நிறுத்தணும். ஆபரேஷனுக்கு முன்னாடி போடுற ஆன்டிபயாடிக் கிழிக்கிறதுக்கு முந்தின 2 மணி நேரத்துக்குள்ள ஏறியிருக்கணும்னு கணக்கு இருக்கு. வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் கட்டை பிரிச்சு பிரிச்சு பாக்காதீங்க, சொந்தக்காரங்க வந்து எங்க காட்டுன்னு கேட்டா காட்டாதீங்க. மஞ்சப்பொடி, வேப்பெண்ணெய், விபூதி எதுவும் புண்ணு மேல வேணாம், விபூதிய நெத்தியில வைங்க, வைக்கிறவங்க கைய கழுவிட்டு வைக்கட்டும்.

நெஞ்சுல சளி கட்டாம இருக்க தலைமாட்டை 30லேர்ந்து 45 டிகிரி தூக்கி வைங்க, ஊட்டும்போது கண்டிப்பா. படுத்த வாக்குல சன்பியோக் ஊட்டினா கொஞ்சம் நுரையீரலுக்கு போயிடும், நிமோனியாவுக்கு அது போதும். பல்லு தெனம் ரெண்டு வேளை தேச்சு விடுங்க, மயக்கத்துல இருக்குறவங்களுக்கும் ஈரத்துணியால வாயை தொடைச்சு விடுங்க. டாக்டர் நடக்கலாம்னதும் நடக்க வைங்க. எழுந்திரிக்க முடியாதவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பி படுக்க வைங்க.

பர்மா டிபி அதிகமா இருக்குற நாடுங்க பட்டியல்ல இருக்கு, அதனால காத்து முக்கியம். ரங்கூன் ஜெனரல் ஆஸ்பத்திரி மாதிரி பிரிட்டிஷ்காரன் காலத்து கட்டடத்துல உசரமா பெரிய ஜன்னல் வெச்சது சும்மா இல்ல, கொசு வருதுன்னு சாத்தாதீங்க, கொசுவலை கட்டிக்குங்க. வாரக்கணக்கா இருமுறவங்க பக்கத்து கட்டில்ல இருந்தா நீங்க என்95 மாஸ்க் போடுங்க, அவங்களுக்கு சாதா மாஸ்க் ஒண்ணு கொடுங்க, எடம் மாத்த முடியுமான்னு சயாமாகிட்ட கேளுங்க.

கட்டில் கம்பி, மேசை, தண்ணி புட்டி மூடி, உங்க போனு, இதையெல்லாம் தெனம் தொடைங்க. 5 சதவீத ப்ளீச் 20 மில்லி எடுத்து 1 லிட்டர் தண்ணியில கலந்தா போதும், அன்னன்னைக்கு புதுசா கலக்கணும், மொதல்ல சோப்பு தண்ணியால அழுக்கை எடுத்துட்டு அப்புறம் ப்ளீச்சால தொடைங்க, ஆசிட்டோட சேக்கவே கூடாது, விஷ வாயு வரும். போனுக்கு ஆல்கஹால் பஞ்சு. கட்டிலுக்கு அடியில பாய் விரிச்சு தூங்குறோமே, அந்த பாய்ல இருந்து எந்திரிச்சு நேரா நோயாளி கட்டில்ல ஏறி உக்காராதீங்க. பாக்க வர்றவங்களும் கட்டில்ல உக்கார வேணாம். காய்ச்சல் சளி வயித்தால உள்ளவங்க வர வேணாம், போன்ல பேசட்டும். சின்னப் புள்ளைங்கள கூட்டிட்டு வராதீங்கன்னு சொல்ல சங்கடமாத்தான் இருக்கும், சொல்லிடுங்க. பக்கத்து கட்டில் அம்மாவுக்கு ஒத்தாசை பண்றது நம்ம ஊரு குணம், பண்ணுங்க, அவங்கள தொட்ட கையோட நம்ம ஆளை தொடாதீங்க.

ஆன்டிபயாடிக் பத்தி ஒண்ணு. சேசைன்ல சீட்டு இல்லாமலே கெடைக்குது, காய்ச்சல்னா ரெண்டு கேப்சூல் வாங்கி போட்டுட்டு மூணாம் நாள் விட்டுடுறோம். அப்படி பழகின கிருமிதான் அப்புறம் ஆஸ்பத்திரியில எந்த மருந்துக்கும் மசிய மாட்டேங்குது. ஆபரேஷன் முடிஞ்சதுக்கு அப்புறம் எழுதிக் கொடுக்காத மருந்தை எச்சா இருக்கட்டும்னு நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க. டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரத்தமோ மூத்திரமோ கல்ச்சருக்கு எடுக்கணுமான்னு கேளுங்க, அப்பாவுக்கு அந்த கல்ச்சர் இல்லாட்டி எந்த மருந்துன்னே தெரிஞ்சிருக்காது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு சீட்டுல எழுதி வாங்கிக்குங்க: என்ன ஆபரேஷன், எந்த தேதி, என்ன குழாய் போட்டாங்க எப்போ எடுத்தாங்க, என்ன ஆன்டிபயாடிக் எத்தனை நாள் ஏறுச்சு, கல்ச்சர்ல என்ன வந்துச்சு. வீட்டுல காய்ச்சல், குளிர் நடுக்கம், புண்ணுல செவப்பு, சூடு, சீழ், நாத்தம், திடீர்னு மூச்சு வாங்குறது, மூத்திரம் கலங்கலா எரிச்சலா போறது, நாளுக்கு மூணு தடவைக்கு மேல தண்ணியா வயித்தால போறது, வயசானவங்க திடீர்னு ஆளு தெரியாம பேசுறது, இதுல எது வந்தாலும் தைலம் தடவிட்டு உக்காந்துடாதீங்க, அன்னைக்கே கூட்டிட்டு போங்க. போகும்போது, இன்ன தேதியில ஆஸ்பத்திரியில இருந்தாருன்னு மொத வார்த்தையா சொல்லுங்க, ஏன்னா மருந்தே அதை வெச்சுத்தான் மாறும். அந்த சீட்டு அப்பாவோட பர்ஸ்ல ஐடி கார்டுக்கு பின்னாடி இப்பவும் இருக்கு, நான்தான் மடிச்சு வெச்சேன்.